வற்றிய கடலில் ஒரு பிடி சாம்பல்

தம்பி,

நான் உன் கையிலிருந்து உன் அப்பாவின் சாம்பலைப் பறிக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பறித்தேன் என்றுதான் ஆக்லாந்தில் நம்மை அறிந்த எல்லா வீட்டிலும் கதை நடக்கிறது. நான் கேட்டேன், நீ தந்தாய். இரண்டு கையாலும் தந்தாய். உன் விரல்களில் இருந்த சேறு என் சேலைத் தலைப்பில் பட்டது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. ஒருவரிடமிருந்து ஒன்றைப் பறிப்பதென்றால் அவர் அதை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நீ பிடித்திருக்கவில்லை. அங்கே நின்ற உன் நண்பன் கார்த்திக்கும் ஐயரும் இதைக் கண்ணால் கண்டவர்கள். அவர்களில் யார் கதையை மாற்றிச் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. அந்த வேலைக்கு எனக்கு வயதும் இல்லை, விருப்பமும் இல்லை.

போன கிழமை தமிழ்க் கடைக்கு அரிசிமா வாங்கப் போயிருந்தேன். அடுக்குக்கு மறுபக்கம் இரண்டு பெண்கள் நின்றார்கள். குரலை வைத்து யாரென்று எனக்குத் தெரிந்தது. பெயரை இங்கே எழுதவில்லை.

"மனுசி புருசன்ர சாம்பலை அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்கிறாவாம்."

"கொன்வென்ற்றில படிச்சவ எல்லே. வேதத்துக்கு மாறியிருப்பா."

"அதுதான் கரைக்க விடேல்லையோ! அப்ப புதைக்கப் போறாபோல."

"பெடியன் பாவம். பெண்சாதிக்காரி அஸ்தி கரைக்கிற இடத்துக்கு ஏன் போறா? போனதே பிழை."

நான் அடுக்கைச் சுற்றி மறுபக்கம் போனேன். "அரிசிமா உங்கட பக்கத்திலயோ இருக்கு?" என்று கேட்டேன். ஒருத்தி "ஓம் அன்ரி, ஓம்" என்று தானே எடுத்துத் தந்தாள். மற்றவள் மிளகாய்த்தூள் பைக்கற்றை முகத்துக்கு நேரே பிடித்து வாசிக்கத் தொடங்கினாள். நான் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறவில்லை. கன்னியாஸ்திரிகள் எனக்கு ஆங்கிலமும் நேராக உட்காரவும் கற்றுத் தந்தார்கள். காலையில் அவர்களுடைய செபத்துக்கு எழுந்து நின்றேன், பின்னேரம் வீட்டில் தேவாரம் பாடினேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு நாளும் நான் வெளியே இறங்கியதில்லை. அந்தக் கதையில் உண்மை ஒன்றே ஒன்றுதான்: அப்பா அலுமாரியில் இருக்கிறார். மேல் தட்டில், மயானத்தில் தந்த அதே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டியில், என் வெள்ளைச் சேலைகளுக்குப் பக்கத்தில். பூட்டு இல்லை.

நீ குடும்பத்தோடு மெல்பேர்ன் போகப் போகிறாய். இதைத் தொலைபேசியில் பேசத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் உனக்கு ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. ஆகவே எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். கிளென்ஃபீல்ட் வீட்டில் சனிக்கிழமைகளில் சமையலறை மேசையில் உன்னை இருத்தி நானே உனக்குக் கற்றுத் தந்த எழுத்து இது, உன்னால் வாசிக்க முடியும். மெதுவாக வாசி. நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

நாம் ஒரு சிறிய நாட்டிலிருந்து இன்னொரு சிறிய நாட்டுக்கு வந்தவர்கள். அங்கேயும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழி, இங்கேயும் மூன்று: ஆங்கிலம், மாவோரி, காது கேளாதவர்கள் கையால் பேசுகிற மொழி. அங்கே அப்பாவின் வேலையே மொழிதான். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் இருந்து, அறிவித்தல்களைத் தமிழாக்கம் செய்தார். அதனால் வந்த பழக்கம், போகிற இடமெல்லாம் பலகை வாசிப்பார். ரயில் நிலையம், ஆஸ்பத்திரி, கழிப்பறைக் கதவு எதையும் விடமாட்டார். மூன்று மொழியையும் வாசித்து, தமிழில் பிழை இருந்தால் எனக்குச் சொல்லி ஆறுவார். நீ சின்னவனாக இருந்தபோது அவர் கையை இழுத்துக்கொண்டு "அப்பா, வாங்கோ, சனம் பாக்குது" என்பாய். அங்கே பலகை மூன்று மொழியில் இருக்கும், பலகைக்குப் பின்னால் கதிரையில் இருக்கிறவருக்கு ஒரு மொழிதான் தெரியும். நம் மொழியில் கேள்வி கேட்டால் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். அப்பா சொல்வார்: "எழுதினவனுக்குச் சம்பளம் குடுக்கினம். வாசிக்கிறவனுக்குப் பதில் குடுக்க ஆளில்லை." அதற்குப் பிறகு அந்த நாட்டில் என்ன நடந்தது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

இந்த நாட்டில் அவர் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்தார். தெற்கு ஆக்லாந்தில், மாவோரிகளோடும் சமோவாக்காரரோடும் நின்றுகொண்டே வேலை. படித்த மனிதர், ஒரு நாளும் அதைச் சொல்லிக் குறைப்படவில்லை. குறைப்பட்டது நான். அவர் அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது செய்திகள். "இஞ்சை மேசையில குந்தக்கூடாதாம், சாப்பாடு வைக்கிற இடமாம்." "பாத்திரம் துடைக்கிற துணியை உடுப்போட சேத்துத் தோய்க்கக்கூடாதாம்." "தலையைத் தொடக்கூடாதாம், தலை பெரிய விசயமாம்." எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சிரிப்பார்: "எங்கட வீட்டுச் சட்டத்தை ஆர் இவைக்குச் சொன்னது?" அவருடைய செத்த வீட்டுக்கு அந்தத் தொழிற்சாலை நண்பர்கள் வந்திருந்தார்கள். மயானத்தை விட்டு வெளியேறும்போது படலையில் நின்று, போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றித் தலையிலும் தெளித்துக்கொண்டார்கள். நம் பெண்கள் அதைப் பார்த்து முணுமுணுத்தார்கள். செத்த வீட்டிலிருந்து போய்த் தலையில் தண்ணீர் வார்க்காமல் அடுப்படிக்குள் கால் வைக்காதவர்களுக்கு அது ஏன் புதுமையாக இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நீ கறுப்புக் கோட்டோடு அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றாய். அவர்கள் போத்தலை உன்னிடம் நீட்டினார்கள். நீ "நோ, ஐ ஆம் ஃபைன்" என்றாய். தாகத்துக்குத் தருகிறார்கள் என்று நினைத்தாய் போலும்.

இத்தனைக்கும் நம் வீட்டில் மாவோரி பேசத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். நகர மையத்தில் உன் அலுவலகத்தில் கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் எழுந்து நின்று, என் மலை இது, என் நீர் இது, என் மக்கள் இவர்கள் என்று அந்த மொழியில் சொல்ல வேண்டுமாம். நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். அதை நீ எங்கள் முன்னறையில் நின்று பாடமாக்கினாய். அப்பா அப்போது படுக்கையில் விழவில்லை.

"என்ன மலை தம்பி சொன்னனீ?" என்று கேட்டார்.

"அப்பா, அது சும்மா ஒரு மலை சொல்லவேணும். நான் இஞ்சத்தை மலை ஒண்டைச் சொன்னனான்."

"எங்களுக்கு மலையுமில்லை ஆறுமில்லை. கிணறு எண்டு சொல்லன்."

"கிணறு எண்டா சிரிப்பாங்கள் அப்பா."

"சிரிக்கட்டும். பொய்யெண்டு சொல்ல மாட்டாங்கள்."

நீரைக் கேட்டபோது மனுகாவ் குடாக்கடல் என் நீர் என்று சொல்கிறேன் என்றாய். அழகாகத்தான் சொன்னாய். உச்சரிப்பு நன்றாக இருந்தது. அலுவலகத்தில் கைதட்டினார்கள் என்று பிறகு சொன்னாய். அந்த நீரைத் தங்கள் நீர் என்று சொல்லத் தொடங்கியவர்கள் இன்னும் அதன் கரையில் இருக்கிறார்கள் என்பது அன்று எனக்கும் தோன்றவில்லை.

இனி அந்தக் காலை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் சாம்பலைக் கரைத்துவிட வேண்டும் என்று ஐயர் சொன்னார். அதே மனுகாவ் கரையில் இடத்தைக் கண்டுபிடித்தது கார்த்திக். உன்னோடு வேலை செய்கிறவன், மதுரைப் பிள்ளை, நமக்காக லீவு போட்டு வந்தவன். அவனில் எனக்குக் கோபம் இல்லை. "ஆன்ட்டி, அங்க காலைல யாருமே இருக்கமாட்டாங்க. நான் டைட் கூடப் பாத்துட்டேன், லோ டைட்தான். அலையே இருக்காது. சேஃபா முடிச்சிட்டு வந்துடலாம்" என்றான். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். நம் ஊர்க் கடல் காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கிடக்கும். வற்று என்றால் நமக்கு அலையில்லாத கடல், அவ்வளவுதான். இங்கே வற்று என்றால் கடலே எழுந்து போய்விடும் என்பதும், சேறு வெளியே தெரிகிற அந்த நேரத்துக்காகத்தான் சிலர் வாளியோடு காத்திருப்பார்கள் என்பதும் எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. யாருமில்லாத நேரம் என்று நினைத்து, ஆள் வருகிற நேரமாகப் பார்த்துப் போய் இறங்கினோம்.

காரை விட்டு இறங்கிய ஐயர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, கடல் எங்க?"

"அங்க பாருங்க சாமி, கோடு மாதிரி தெரியுதுல்ல, அதான்."

"அவ்வளவு தூரம் நான் இந்தச் சேத்துக்க வரேலாது. எனக்குப் பத்து மணிக்கு மனுகாவ் ரவுணில ஒரு புது வீட்டுக் குடிபூரல் இருக்கு."

கரைக்கு இறங்கும் பாதையில் ஒரு பலகை இருந்தது. ஆங்கிலத்திலும் மாவோரியிலும் எழுதி, மட்டிச் சிப்பியின் படமும் போட்டிருந்தது. உணவு எடுக்கும் இடம், மதித்து நடவுங்கள் என்பது அதன் பொருள். அப்பா இருந்திருந்தால் அங்கே நின்றிருப்பார். அவர் பெட்டிக்குள் இருந்தார், ஆகவே நான் நின்றேன். "தம்பி, இதை வாசிச்சனியோ?" என்று கூப்பிட்டேன். நீ திரும்பாமலே சொன்னாய்: "அது மீன் பிடிக்கிறவைக்கு அம்மா. கவனமா வாங்கோ, வழுக்கும்."

அரைவாசி தூரத்தில் சேற்றை வெட்டிக்கொண்டு ஒரு சிறு வாய்க்கால் ஓடியது. உள்ளங்கால் நனைகிற தண்ணீர். ஐயர் அதைக் கண்டதும் நின்றுவிட்டார். "இதுவும் ஓடுற தண்ணிதானே. இதிலயே போடுங்கோ, பெருக்கு வர எடுத்துக்கொண்டு போயிடும்" என்றார். மந்திரம் சொன்னார். நீ முதல் பிடியை எடுத்து இட்டாய். அது ஓடவில்லை, தம்பி. அப்படியே இருந்தது. சாம்பல் நிறச் சேற்றின் மேல் அதைவிட வெளிறிய சாம்பல், அதன் மேல் இரண்டு செவ்வரத்தம் பூ. அதில் ஒரு பகுதியைக் காற்று எடுத்து ஐயரின் வேட்டியில் பூசியது. அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் யாருக்கும் இடைஞ்சலாக எங்கும் கிடந்ததில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். எனக்கு ஏழெட்டு வயது இளையவளாக இருப்பாள். முழங்கால் வரை இறப்பர் சப்பாத்து, கையில் மட்டி நிறைந்த வாளி. சேற்றில் ஓடி வந்தாள். வந்ததும் "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டாள். இந்த நாட்டில் கோபம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சொறி முன்னால் வரும் என்பதை நான் இத்தனை வருடத்தில் கற்றிருக்கிறேன். கார்த்திக் அவளை மறித்து, "ஜஸ்ட் ஃப்ளவர்ஸ், மேடம்" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். அது என்ன என்று கேட்பாள் என நினைத்தேன். "யார் அது?" என்று கேட்டாள்.

"என் கணவர்" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு பெட்டியைப் பார்த்துத் தன் மொழியில் தாழ்ந்த குரலில் இரண்டு மூன்று வசனம் சொன்னாள். அது எங்களுக்குச் சொன்னதல்ல, அவருக்குச் சொன்னது. அதன் பிறகுதான் எங்களிடம், தயவு செய்து நிறுத்துங்கள் என்றாள். நீ அப்போது என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? நிமிர்ந்து, அலுவலகச் சிரிப்பு ஒன்று சிரித்து, அவளுடைய மொழியில் வணக்கம் சொன்னாய். அவள் முகம் ஒரு கணம் மாறியது. இவனுக்கு மொழி தெரியும், இவனோடு கதைக்கலாம் என்று அவள் நம்பினாள். அந்த மொழியிலேயே உன்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். உனக்கு விளங்கவில்லை. மறுபடியும் சிரித்தாய். அவள் வாளியைக் கவிழ்த்தாள். அதுவரை பொறுக்கிய மட்டி அவ்வளவையும் சேற்றிலேயே கொட்டினாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் நான் கையை நீட்டினேன். "தா தம்பி" என்றேன். "பாதியில நிப்பாட்டக்கூடாது அம்மா" என்றாய். "பாதியில விட்டா தோசம்" என்று ஐயரும் சொன்னார். "தோசம் வாறதெண்டா எனக்கு வரட்டும் ஐயா" என்றேன். நீ தந்தாய். இதுதான் நடந்தது. காரில் வரும்போது, "வெறும் சாம்பல் அம்மா. பின்னேரம் தண்ணி வந்தாப் போயிடும். அவவுக்கு என்ன பிரச்சினை?" என்றாய். அந்தியேட்டி சாம்பல் வீட்டில் இருக்கவே நடந்தது. வந்தவர்கள் வடையும் மோதகமும் சாப்பிட்டுவிட்டு அதைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்து நான் தனியாக அந்தக் கரைக்குப் போனேன். கிளென்ஃபீல்டிலிருந்து பஸ், பிறகு ரயில், பிறகு இன்னொரு பஸ். உன்னைக் கேட்டிருந்தால் ஏற்றிக்கொண்டு போயிருக்கமாட்டாய், போகவும் விட்டிருக்கமாட்டாய். கரைக்கு அருகில் இருக்கிற, டெய்ரி என்று இங்கே சொல்கிற சில்லறைக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் குஜராத்தி. இறப்பர் சப்பாத்து, நரைத்த பின்னல் என்று சொன்னதும், "மெரேயா?" என்று வாசலுக்கு வந்து வீட்டைக் காட்டினார். மெரே கதவைத் திறந்து என்னை அடையாளம் கண்டாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தேநீர் தந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

அன்று அவளுடைய அண்ணன் செத்துக் கிடந்தார். அவர்களுடைய சபை மண்டபத்தில் உடலை வைத்து, மூன்று நாள் உறவினர் கூடியிருந்து, இரவும் பகலும் தனியே விடாமல் இருப்பார்களாம். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்களாம். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது செத்தவரின் வீட்டாருடைய மானம். ஒவ்வொரு கரைக்கும் ஒரு பெயர் பெற்ற சாப்பாடு உண்டு, அந்தக் கரையாரின் பந்தியில் அதை எதிர்பார்ப்பார்கள். மெரேயின் கரைக்கு அந்த மட்டி. அதைப் பொறுக்கத்தான் அவள் அன்று வந்தாள். மனித உடலின் சாம்பல் விழுந்த இடத்தில் அவர்கள் உணவு எடுப்பதில்லை. பெரியவர்கள் கூடிக் கரையைத் தடை செய்தார்கள். திரும்பவும் கூடி, ஓதி, தடையை எடுக்கும் வரை யாரும் அங்கே குனியக்கூடாது. "கடையில் கோழி வாங்கிப் போட்டோம்" என்றாள் மெரே. "என் அண்ணன் நடக்கப் பழகியதே அந்தச் சேற்றில்தான். அவரை அனுப்பி வைக்கிற பந்தியில், கடைக் கோழி." அவள் அழவில்லை. மேசையில் இருந்த நொறுக்குத்தீனித் துகளைத் துடைத்துக் கைக்குள் எடுத்துக்கொண்டாள். செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன்னால் கை குறுகி நிற்பது என்னவென்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

உன் மாமாவுக்கு, என் தம்பிக்கு, சாம்பலே இல்லை. விசாரித்துவிட்டு விடுவோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் அம்மா படலையைத் திறந்தே வைத்திருந்து, அப்படியே செத்துப்போனா. எங்கே கிடக்கிறான் என்று நாங்கள் கேட்டுப் போன இடங்களிலெல்லாம் பலகை மூன்று மொழியில் இருந்தது. இதை நான் மெரேயிடம் சொல்லவில்லை. நம் துயரத்தை எடுத்துக் காட்டி அவளிடம் இரக்கம் வாங்குவது மலிவான வேலை. உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீ காரில் சொன்னாயே, வெறும் சாம்பல் என்று. அந்த வார்த்தையை அதே குரலில், வேறு மொழியில், மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். வெறும் காணி என்றார்கள், வெறும் எலும்பு என்றார்கள். என் பிள்ளையின் வாயில் அது வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு முன் மெரே தொலைபேசி எடுத்தாள். பெரியவர்களோடு கதைத்திருக்கிறாள். குடாவின் வாய்க்கு வெளியே, ஒருவரும் உணவெடுக்காத இடம் ஒன்று உண்டாம். அவளுடைய பெறாமகன் முறையான உறவுக்காரனிடம் படகு இருக்கிறது. நீர் வற்றி வெளியே ஓடுகிற நேரம் பார்த்து எங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஐயர் மந்திரம் சொல்லலாம், அவர்கள் தங்கள் முறைப்படி ஓதுவார்கள். ஒரு நிபந்தனை மட்டும். சாம்பலை இட்டவன் முதலில் அவர்கள் முன்னால் வந்து நின்று, நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும். "எந்த மொழியில் என்றாலும் பரவாயில்லை. அவன் மொழியிலேயே சொல்லட்டும்" என்றாள். வேறொருவர் அவனுக்காகச் சொல்ல முடியாது, தாயும் சொல்ல முடியாது.

இதை உனக்குச் சொன்னபோது நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் கூட்டிச் சொன்னேன் என்று வரக்கூடாது. "நான் ஏன் அம்மா அங்க போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிக்கவேணும்? சொறி சொல்லவேணுமெண்டா ஈமெயில் ஒண்டு போடுறன்." அதோடு நீ நிற்கவில்லை. "கடலும் தங்கட, ஆறும் தங்கட எண்டா நாங்கள் எங்க போறது? நாங்கள் ரேட்ஸ் வரி கட்டேல்லையோ?" என்றாய். பிறகு குரலைத் தணித்து, இந்தியாவில் ஒரு நிறுவனம் இருக்கிறது, கொரியரில் அனுப்பினால் கங்கையில் கரைத்து வீடியோவும் அனுப்புவார்கள் என்றாய். உன் அப்பாவை நான் பார்சலில் அனுப்பமாட்டேன். அதுவும் போக, அவரில் ஒரு பிடி மனுகாவ் சேற்றில் ஏற்கெனவே இருக்கிறது. மிச்சத்தைக் கங்கையில் போட்டாலும் காசியில் போட்டாலும் அந்தப் பிடி அங்கேதான் இருக்கும், மெரேயின் அண்ணனுடைய பந்தியும் கடைக் கோழியோடு நடந்தது நடந்ததாகவே இருக்கும்.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. அப்பாவின் கடைசி மாதங்களில் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் நீ ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். அவரைத் தூக்கி இருத்தி முகம் வழித்துவிட்டது நீ. அந்தச் சேற்றில் நின்றபோதும் உன் மனதில் அவர் மட்டும்தான் இருந்திருப்பார், அந்தக் கரையில் இன்னொரு செத்த வீடு இருக்கலாம் என்று நினைக்க இடம் இருந்திருக்காது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு சொல்லப்பட்டும் நீ நகராமல் இருப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தலை குனியாத குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் தேட வேண்டியதில்லை, கண்ணாடியில் பார்த்தால் போதும். ஆனால் நான் அந்த வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன், தம்பி. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மெல்பேர்னிலும் கூட்டம் தொடங்குமுன் இந்த நிலம் இன்னாருடையது என்று யாராவது வாசிப்பார்களாம். உன் மனைவி சொன்னாள். உன்னையும் வாசிக்கச் சொல்வார்கள், உனக்குக் குரல் நன்றாக இருக்கிறது. அந்த இன்னார் ஒரு நாள் எதிரே வந்து உன்னிடம் ஏதாவது கேட்டால் நின்று கேட்க முடியுமென்றால் வாசி. முடியாதென்றால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு இரு. உன் மகள் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள். நான் அதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாளே, அது போதும். அவளைப் போகிற இடமெல்லாம் பலகை வாசிக்கப் பழக்கு. கையை இழுத்தால் இழுக்கட்டும்.

என் உடம்பைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் முறையிடவில்லை. இதய வைத்தியர் இந்த ஊர் வழக்கப்படி சிரித்துக்கொண்டே சொன்னார், நான் ஆங்கிலம் ஒழுங்காகப் படித்தவள், சிரிப்பை எடுத்துவிட்டு மிச்சத்தை விளங்கிக்கொண்டேன். நான் போன பிறகு இந்த வாடகை வீட்டை ஒதுக்க வருகிறவர்கள் கையுறை போட்ட அந்நியர்களாக இருப்பார்கள். அலுமாரியைத் திறப்பார்கள். சேலைகளை ஒரு பையில் போடுவார்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை அவர்களால் வாசித்து முடிக்க முடியாது. அதை எந்தப் பையில் போடுவது என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். நான் பயப்படுவது சாவுக்கு அல்ல, அந்தக் கேள்விக்கு.

நீ விமானம் ஏறுமுன் எந்தச் சனி ஞாயிறு என்றாலும் மெரேயின் ஆட்கள் ஆயத்தம். ஐயரோடு நான் கதைத்துவிட்டேன், வருவார். வருவாயா, மாட்டாயா என்று எனக்கு எழுது. தொலைபேசியில் சொல்லாதே, மெசேஜும் வேண்டாம். காகிதத்தில், உன் கையெழுத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தபாலில் போடு. மாட்டாய் என்றாலும் எழுது, காரணத்தையும் எழுது. மெரே என்னிடம் பதில் கேட்பாள், அந்தக் கடிதத்தை நான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

அம்மா